மலை பச்சையாகத்தான் இருக்கிறது. ஓடை ஏன் வற்றுகிறது?

வாடிப்பட்டி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார்: 'எங்கள் தாத்தா காலத்தில் சித்திரையில்கூட மலை ஓடைகளில் தண்ணீர் ஓடும் என்பார்கள். இப்போது மாசியிலேயே மணல்தான் தெரிகிறது. கொடைக்கானலுக்குப் போய்ப் பார்த்தால், மலை முழுக்க மரமாக நிற்கிறது. மரம் இருந்தால் தண்ணீர் இருக்கும் என்றுதானே சொல்லி வளர்த்தார்கள்? மரம் கூடியிருக்கிறது, தண்ணீர் ஏன் குறைந்தது?'

நல்ல கேள்வி. இதற்கான பதிலில் ஒரு பாதி, பூமிக்குப் பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படங்களில் இருக்கிறது. 1970-களில் இருந்து பழனி மலைத்தொடரைச் செயற்கைக்கோள்கள் படம் எடுத்துக்கொண்டே வருகின்றன. அந்தப் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வுக் குழு, எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தையே புரட்டிப் போட்டது. மலையில் நாம் அதிகம் இழந்தது மரத்தை அல்ல, புல்லை.

நமக்கும் அந்த மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வைகைக்குத் தாய்வீடு வருசநாடு, மேகமலைப் பக்கம்தான். மதுரை மாவட்டத்தின் இருபோக, ஒருபோகப் பாசனத்துக்கு முதுகெலும்பு பெரியாறு தண்ணீர் என்பதும் உண்மை. ஆனால், பழனி மலையின் தெற்குச் சரிவில் விழும் மழையும் வைகைக்குத்தான் வருகிறது. சோத்துப்பாறை அணைக்கு வரும் வராக நதி, தேவதானப்பட்டி பக்கத்தில் அணை கட்டியிருக்கும் மஞ்சளாறு எல்லாம் அந்தச் சரிவில் பிறந்து வைகையில் சேர்பவை. வடக்குச் சரிவுத் தண்ணீர் சண்முகநதி, பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு என்று பழனிப் பக்கம் இறங்கி அமராவதிக்குப் போகிறது. ஆக, கொடைக்கானல் உச்சியில் நிலம் எப்படி இருக்கிறது என்பது பெரியகுளம், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை தாண்டி நம் வயல் வரைக்கும் வரும் விஷயம்.

சோலையும் புல்வெளியும்

பழனி மலையின் மேல்மட்டம் முழுவதும் ஒரு காலத்தில் அடர்ந்த காடாக இருந்தது, வெள்ளைக்காரர்கள் அழித்துவிட்டார்கள் என்றே பலரும் நினைக்கிறோம். அது சரியல்ல. மலை மடிப்புகளிலும் ஓடை ஓரங்களிலும் மட்டும் குட்டையான, நெருக்கமான சோலைக்காடு இருக்கும். மதிகெட்டான் சோலை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த வகை. மடிப்புகளுக்கு வெளியே இருந்த மேட்டு நிலம் எல்லாம் புல்வெளி. மரம் வெட்டியதால் வந்த புல்வெளி அல்ல, ஆதியிலிருந்தே புல்வெளி. உறைபனியும் காற்றும் மேட்டில் மரத்தை எளிதில் வளரவிடாது. புல்லுக்கு அது பழகிப்போன இடம்.

1845 வாக்கில் கொடைக்கானல் ஊர் உருவான பிறகு, விறகுக்காகவும் கட்டுமானத்துக்காகவும் வெளிநாட்டு மரங்கள் மலையேறின. ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸும் வாட்டிலும் வந்தன, பிறகு பைன் வந்தது. வாட்டில் மரத்தை நீலகிரிக்காரர்கள் சீகை மரம் என்பார்கள். நம் ஊரில் தோல் பதனிட ஆவாரம் பட்டையைப் பயன்படுத்தினார்களே, அதே வேலைக்கு வாட்டில் பட்டை நன்றாக உதவும். அதனால் சுதந்திரத்துக்குப் பிறகு வனத்துறை இந்த மரங்களைப் பெரிய அளவில் நட்டது. எங்கே நட்டார்கள்? சோலையை வெட்டிவிட்டு நடுவது கஷ்டமான வேலை. பக்கத்தில் 'சும்மா கிடக்கும்' புல்வெளி இருக்கிறதே, அதில் நட்டார்கள். ஆவணங்களில் புல் நிலத்துக்குத் தரிசு என்ற பெயர் விழுந்துவிட்டால் அதன் கதை முடிந்தது. சமவெளியில் மேய்க்கால் புறம்போக்குக்கு நடந்ததும் இதுதான்.

படத்தைப் பக்கத்தில் வைத்தபோது

எம். அரசுமணி தொலையுணர்வுத் துறை ஆராய்ச்சியாளர். அதாவது, தொலைவிலிருந்தபடியே செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தைப் படிக்கும் கலை அவருடையது. திருப்பதி ஐசர் நிறுவனத்தின் வி.வி. ராபின், சோலைக்காட்டுப் பறவைகளை ஆராய்ந்து வருபவர். இவர்களுடன் வட்டக்கானலில் சோலை மரக்கன்றுகளையும் புல் வகைகளையும் நாற்றங்காலில் வளர்த்த பாப் ஸ்டூவர்ட், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பல்லாண்டுகளாகப் படமெடுத்துவரும் புகைப்படக்காரர் இயன் லாக்வுட் உள்ளிட்டோர் சேர்ந்து செய்த ஆய்வு, 2018-ல் 'பிளாஸ் ஒன்' ஆய்விதழில் வந்தது. படம் பார்த்துக் கணக்குப் போடுபவரும், மலையில் நடந்து நடந்து ஒவ்வொரு செடியையும் தெரிந்துவைத்திருப்பவரும் ஒரே குழுவில் இருந்ததுதான் இந்த ஆய்வின் பலம் என்பது என் எண்ணம்.

சுமார் 40 ஆண்டுகளில் பழனி மலையின் இயற்கைப் புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது. சோலைக்காட்டில் போனது 31 சதவீதம். மூன்று ஏக்கர் புல்வெளி இருந்த இடத்தில் இன்று ஓர் ஏக்கர்தான். மலையில் அதிகமாகவும் தொடர்ச்சியாகவும் இருந்த நிலவகை, இன்று மிக அரிதாகவும் துண்டு துண்டாகவும் ஆகிவிட்டது. அந்த இடத்தைப் பிடித்ததில் பெரும்பங்கு மரத்தோட்டங்களுக்கு. அடுத்து, கொஞ்சம் குறைவாக, விவசாயத்துக்கு.

அதற்கு அடுத்த ஆண்டு, தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் உள்ள சோலை மலைகள் முழுவதையும் எடுத்துக்கொண்டு, 1973 முதல் 2017 வரையான படங்களை அதே குழுவினர் ஆராய்ந்தார்கள். சுமார் 340 சதுர கிலோமீட்டர் புல்வெளியை அயல் மரங்கள் பிடித்திருந்தன. நம் கணக்கில் 84,000 ஏக்கர். இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மனிதன் நட்டது ஒரு பங்குதான். நடுவதை நிறுத்திய பிறகும் மரம் தானாகவே பரவிக்கொண்டு போகிறது. குறிப்பாக வாட்டில். விதை விழுகிறது, முளைக்கிறது, பக்கத்துப் புல்வெளி சுருங்குகிறது. யாரும் குழி தோண்டவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. கண்மாயில் சீமைக்கருவேலம் எப்படி இறங்கியது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோளுக்குப் புல் எது, மரம் எது என்று எப்படித் தெரியும்?

நெல் போடுகிறவர்கள் இலை வண்ண அட்டையைப் பார்த்திருப்பீர்கள். இலையை அட்டைமேல் வைத்து, பச்சை வெளிறியிருந்தால் யூரியா போட வேண்டும் என்று முடிவு செய்வோம். இலையின் நிறத்தை வைத்துப் பயிரின் நிலையைப் படிப்பதுதான் தொலையுணர்வின் அடிப்படையும். வித்தியாசம் ஒன்றுதான்: நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிறத்தையும் செயற்கைக்கோள் பார்க்கும்.

பச்சை இலை, சூரிய ஒளியின் சிவப்பைத் தின்றுவிடும். சிவப்புக்கு அடுத்து, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை வலுவாகத் திருப்பி அடிக்கும். காய்ந்த புல் அப்படிச் செய்யாது. வெற்று மண் வேறு மாதிரி. தண்ணீர் அந்த ஒளியை முழுவதும் விழுங்கிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். ஆக, ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு கைரேகை உண்டு. மேல்மலையில் பனிக்காலம் முடியும்போது புல் பழுத்துக் காய்ந்திருக்கும், சோலையும் வாட்டிலும் பச்சையாகவே நிற்கும். புல்லையும் மரத்தையும் பிரிக்க மேகமில்லாத அந்த நாட்களின் படம் உதவும்.

1972-ல் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட் கோளின் படத்தில் ஒரு கட்டம் சுமார் 80 மீட்டருக்கு 80 மீட்டர். ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் முழுவதும் ஒரே ஒரு புள்ளியாகத் தெரியும். அதில் பாதி புல், பாதி மரம் இருந்தால் குழப்பம்தான். பின்னால் வந்த லேண்ட்சாட் கோள்களில் கட்டம் 30 மீட்டராகச் சுருங்கியது, அதாவது 22 சென்ட். இன்று ஐரோப்பியர்களின் சென்டினல்-2 கோள் இரண்டரை சென்ட் நிலத்தை ஒரு புள்ளியாகக் காட்டுகிறது, அதுவும் ஐந்து நாளுக்கு ஒருமுறை. லேண்ட்சாட் படங்கள் முதலில் விலைக்குத்தான் கிடைத்தன. 2008-ல் எல்லாவற்றையும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நம் நாட்டில் பலர் இந்த மாதிரி ஆராய்ச்சிக்குள் வர முடிந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

படம் மட்டும் போதாது. இளம் வாட்டிலும் சோலை ஓரமும் மேலிருந்து ஒன்றுபோலத் தெரியலாம். மலையின் நிழல் விழுந்த பக்கம் எல்லாமே கறுத்திருக்கும். அதனால் ஜி.பி.எஸ். கருவியுடன் மலையேறி, 'இந்தப் புள்ளியில் இருப்பது பைன், இந்தப் புள்ளியில் புல்' என்று நேரில் குறித்துவந்து, கணினி சொன்னதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அறையில் உட்கார்ந்துகொண்டே காட்டை அளந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம்

புல்வெளி போனால் ஓடையில் தண்ணீர் குறையுமா? இதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் அளவீடு இருக்கிறது. நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில், மத்திய மண்வள, நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் உதகை மையம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தது. இரண்டிலும் ஓடையில் வரும் நீரை அளந்தார்கள். பிறகு ஒன்றை இயற்கையாகவே விட்டுவிட்டு, இன்னொன்றில் புல்வெளியில் யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்தாண்டில், மரம் நட்ட பக்கத்தில் ஓடைக்கு வரும் நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய மரம் அடிக்கட்டையிலிருந்து தழைத்து வளர்ந்த அடுத்த சுற்றில் குறைவு இன்னும் கூடி, கால்பங்கு அளவுக்குப் போனது.

காரணம் புரியாத விஷயம் அல்ல. கோடையில் மானாவாரிச் சோளத்தட்டை காய்ந்து நிற்கும், அது தண்ணீர் கேட்காது. பக்கத்துத் தோட்டத்துத் தென்னை மட்டும் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். மலையிலும் அதேதான். வறண்ட மாதங்களில் புல் தன் வேலையை நிறுத்திவிடும், அதன் அடியில் இருக்கும் கறுப்பு மண் பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்துவைத்து ஓடைக்குக் கசியவிடும். வேர் ஆழமாக இறங்கிய யூகலிப்டஸும் வாட்டிலும் ஆண்டு முழுவதும் உறிஞ்சி இலை வழியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். தென்னாப்பிரிக்காவில் இதே வாட்டில் ஆறுகளை வற்றவைக்கிறது என்று 1995-ல் அரசே ஒரு திட்டம் போட்டு, ஊர் மக்களுக்குக் கூலி கொடுத்து மரத்தை அகற்ற ஆரம்பித்தது. திட்டத்தின் பெயரே 'தண்ணீருக்காக வேலை'.

நீலகிரியின் 16 சதவீதத்தை அப்படியே தூக்கிவந்து வராக நதிமேல் வைத்துவிட முடியாது. மழை குறைந்த ஆண்டுகள், மேலே பெருகிய விடுதிகள், மலைத்தோட்டத்து மோட்டார்கள், கீழே ஆழ்துளைக் கிணறுகள் என்று எல்லாமே ஓடையில் பங்கு கேட்கின்றன. ஆனாலும் வாடிப்பட்டி வாசகர் கேட்ட கேள்விக்கு இது பதில்: எந்த மரம், எந்த இடத்தில் என்று பார்க்காமல் 'மரம் கூடினால் தண்ணீர் கூடும்' என்று சொல்ல முடியாது.

அரசாங்கக் கணக்கிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. இந்திய வன அளவை நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, செயற்கைக்கோள் படத்தை வைத்து நாட்டின் காட்டுப் பரப்பைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில், மரத்தின் தலைவிரிப்பு 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது காட்டுப் பரப்பு. நிலம் யாருடையது, மரம் எந்த வகை என்பதெல்லாம் கணக்கில் வராது. சோழவந்தான் தென்னந்தோப்பும் அந்தக் கணக்கில் காடாக வர இடமுண்டு! பழனி மலைப் புல்வெளியோ வராது. புல்வெளி அழிந்து வாட்டில் வந்தால், அந்த அறிக்கையில் 'காடு கூடியிருக்கிறது' என்றுதான் பதிவாகும். அதே கோள், அதே படம். கேட்கிற கேள்வி மாறினால் பதில் தலைகீழாகிறது.

புல் போனதன் வலி மலை விவசாயிகளுக்கு இன்னொரு வழியாகவும் வருகிறது. மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறை பக்கம் பூண்டு, கேரட், உருளை போடுகிறவர்களைக் கேட்டால், முதலில் காட்டுமாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். புல் மேயும் பிராணி, மரத்தோட்டத்துக்குள் எதை மேயும்? தோட்டத்துக்குள்தான் வரும். காட்டுமாடு இறங்குவதற்குப் புல் குறைந்தது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். அதே விவசாயத்துக்காகவும் கொஞ்சம் புல்வெளி உழப்பட்டிருக்கிறது என்று படங்கள் சொல்வதையும் மறைக்கக் கூடாது.

வாசகர்களின் இன்னும் சில கேள்விகள்

*அப்படியானால் மலையில் இருக்கும் அயல் மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டிவிடலாமே?*

அவசரப்பட்டால் கெடும். வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். பெரிய மரத்தை வெட்டி வெயிலை உள்ளே விட்டால், புதைந்து கிடந்த விதையெல்லாம் ஒரே நேரத்தில் முளைத்து, முன்பைவிட நெருக்கமாக நிற்கும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி சீமைக்கருவேலம் வெட்டியபோது, வேரோடு எடுத்துத் தொடர்ந்து கண்காணித்த கண்மாய்கள் பிழைத்தன, மேலோடு வெட்டிவிட்டுப் போன இடங்களில் திரும்பத் தழைத்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். தவிர, பழைய பைன், வாட்டில் தோப்புகளின் நிழலில் சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் தானாக வந்துகொண்டிருக்கின்றன. அங்கே கோடரியைத் தூக்கினால் அவையும் போகும். பழனி மலை ஆய்வுக் குழு சொன்னது வேறு: மிச்சமிருக்கும் புல்வெளிகள் எவை என்று வரைபடத்தில் அடையாளம் காட்டி, முதலில் அவற்றைக் காப்பாற்றுங்கள் என்றது. புல்லுக்குள் இப்போதுதான் தலைகாட்டும் கன்றுகளைப் பிடுங்குவது, முற்றிய தோப்பை வெட்டுவதைவிடச் செலவு குறைந்த வேலை. களை எடுக்கிறவர்களுக்குத் தெரியாததா? இந்த மாதிரி அயல் தாவரங்களுக்கென்று 2022-ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அதில் புல்வெளிக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மீட்பு என்றாலே சோலை மரம் நடுவது என்ற பழக்கம் அதிகாரிகளிடமும் இருக்கிறது, மரக்கன்று தூக்கிக்கொண்டு மலையேறும் நல்ல மனதுக்காரர்களிடமும் இருக்கிறது.

*நாங்கள் சமவெளியில் மரம் நடுவதும் தவறா?*

இல்லவே இல்லை. கண்மாய்க் கரையில் பனையும், வரப்பில் வேம்பும் புங்கனும் தாராளமாக நடுங்கள். மேய்ச்சல் நிலத்தை மட்டும் விட்டுவையுங்கள். கிடைமாடு, செம்மறி வைத்திருப்பவர்களிடம் கேட்டுவிட்டுக் குழி தோண்டுங்கள்.

*செயற்கைக்கோள் படம் பயிர் விவசாயிக்கு எதற்காவது உதவுகிறதா?*

உங்களுக்குத் தெரியாமலே உதவிக்கொண்டிருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து, ரேடார் கோள் படங்களைக் கொண்டு தமிழ்நாட்டின் நெல் பரப்பைக் கணக்கிடும் முறையை உருவாக்கியது. ரேடாருக்கு மேகம் தடையில்லை என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வயலைப் பார்க்கலாம். பயிர்க் காப்பீட்டில் எந்தக் கிராமத்தில் நடவே நடக்கவில்லை, எங்கே பயிர் மூழ்கியது என்று பார்ப்பதற்கு இது பயன்படுகிறது.

*எங்கள் ஊர்க் கண்மாயை நாங்களே இப்படிப் பார்க்க முடியுமா?*

முடியும், காசு தேவையில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய தொலையுணர்வு மையத்தின் 'புவன்' தளத்தில் நம் நாட்டுச் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். கூகுள் எர்த் செயலியைக் கணினியில் திறந்தால், பழைய ஆண்டுப் படங்களை நகர்த்தி நகர்த்திப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஊரில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் எடுத்துக் காட்டிவிடுவார்கள். இரண்டு படங்களைத் தேர்ந்தெடுங்கள்: ஒன்று மார்கழியில் தண்ணீர் நிற்கும்போது எடுத்தது, இன்னொன்று சித்திரை, வைகாசிக் காய்ச்சலில் எடுத்தது. மார்கழிப் படத்தில் நீர்ப்பரப்பு தெரியும். அதன் எல்லை பத்து ஆண்டுக்கு முன்பு எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கோடைப் படத்தில், பயிர் இல்லாத கண்மாய்க்குள் பச்சையாக ஏதாவது நின்றால் அது பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். வேலமரமும் இருக்கலாம், ஆகவே ஒருமுறை இறங்கி நடந்து பார்த்துவிடுங்கள். வரத்துக்கால்வாய் எந்த இடத்தில் மறைந்துபோகிறது என்பதும் தெரியும்.

மனு கொடுக்கும்போது இந்தப் படங்களை அச்செடுத்து இணைத்தால் பேச்சுக்கு வலு கூடும். ஆனால் ஆக்கிரமிப்பு வழக்கில் எல்லைக்குச் சாட்சி இதுவல்ல. அதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேடும், சர்வேயரின் எப்.எம்.பி. புலப்படமும்தான் வேண்டும். முதலில் படத்தைப் பார்த்து எந்த சர்வே எண்ணில் சிக்கல் என்று கண்டுபிடித்துக்கொண்டு, பிறகு அந்த எண்ணுக்குப் புலப்படம் கேளுங்கள்.